பெயர் தெரியாத பிணி

நோயின் மூலத்தை அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது எளிது. நேற்று மாலைவரை துள்ளி நின்ற குதிரை, இன்று காலை பின்கால்களை இழுத்துத் தள்ளாடும்போது அம்முழக்கத்தால் யாது பயன்?

மலைநாட்டில் என் நண்பரொருவர் உல்லாசப் பயணிகளை மட்டக்குதிரையில் ஏற்றிப் பிழைப்பவர். அவருடைய குதிரைக்கு ஓர் இரவில் இக்கதி நேர்ந்தது. நரி பரியான கதையை நாமறிவோம். இங்கோ பரி பரியாகவே நின்றது, கால்கள் மட்டும் அயலாருடையனவாயின. பாம்பு தீண்டியதென்றார் ஒருவர். நாவூறு என்றார் இன்னொருவர். மிருக வைத்தியர் மட்டும் எப்பெயரும் சொல்லவில்லை. நாய் கடித்ததா என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. விசர்நோயும் குதிரையிடத்து இவ்வாறே தொடங்கக்கூடும். ஆதலின் வாயிலே கைவிடலாகாது, உமிழ்நீர் படலாகாது என்று கண்டித்துச் சொன்னார். பெயர் தெரியாத வேளையிலும் செய்யத்தக்கது உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சில கிழமைகளுக்கு முன் அக்குதிரை கீழ்நாட்டில் ஒரு மாட்டுப்பட்டியின் அருகே கட்டப்பட்டிருந்தது. அதனால் வைத்தியரின் ஐயம் 'கும்ரி'யின்மேற் சென்றது. செற்றாரியா டிஜிற்றாற்றா என்னும் வெண்ணூல் போன்ற புழு மாட்டின் வயிற்றறையில் வாழ்வது. மாட்டுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. நுளம்பு அதன் குடம்பியைக் குதிரைக்கோ ஆட்டுக்கோ கொண்டுசெல்லின், தனக்குரிய வீட்டைக் காணாத குடம்பி வழிதவறி முண்ணாணுள் அலைந்து நரம்பிழையங்களைச் சிதைக்கும். கொடுமை யாதெனில், உயிருள்ள குதிரையில் இதனை உறுதிப்படுத்துதல் மிக அரிது. இரத்தத்திற் புழுவின் சுவடு பெரும்பாலும் தென்படாது. கழுத்தெலும்பின் ஊறும் சில வைரசு நோய்களும் இதே தள்ளாட்டத்தைத் தருவன. இறந்தபின் முண்ணாணை நுணுக்குக்காட்டியில் நோக்கினாலன்றி ஐயம் முற்றாகத் தீராது.

வைத்தியர் ஐவர்மெக்ரினும் வீக்கந்தணிக்கும் மருந்தும் கொடுத்தார். ஐவர்மெக்ரின் 1981இல் மிருக வைத்தியத்துக்கு வந்தது. அதன் வழிவகுத்த கம்பெல், ஓமுரா இருவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். அது குடம்பியைக் கொல்லும். சிதைந்த நரம்பை மீட்காது. பெயரறியாது மருந்து கொடுத்தது அறியாமை என்று கற்றோர் சிலர் நகைத்தனர். யான் உடன்படேன். நாளை வரை பொறுத்தால் மற்றுமோர் அங்குலம் முண்ணாண் அழியலாம் என்னுமிடத்து, ஐயத்தின்மேல் மருந்து கொடுப்பதே அறிவு.

குதிரை சற்றுத் தேறியது. உடனே, 'கும்ரிதான், ஐயமில்லை' என்று அதே கற்றோர் தீர்ப்பளித்தனர்! வீக்கந்தணிக்கும் மருந்து எத்தனையோ நோய்களில் இத்தகைய தேற்றம் தரும். தேறியது நல்லது, ஆனால் அது சான்றன்று. வைத்தியரின் ஏட்டில் இன்றும் 'ஐயம்' என்றே இருக்கிறது. அச்சொல்லை அவர் அழிக்காதது பற்றி எனக்கு மகிழ்ச்சி.

நம்மவர் இறந்த குதிரையை ஆராயவிடாது புதைத்துவிடுகின்றனர். பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருந்தும், ஐயங்கள் மண்ணோடு போகின்றன. அழுதுகொண்டிருப்பவரிடம் முண்ணாணைக் கேட்பது எப்படி என்று அவ்வைத்தியர் என்னிடம் வினவினார். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் குழி வெட்டிய பின்னரன்று, குதிரை நின்று புல் தின்னும் நாளிலேயே கேட்டுவைத்தல் வேண்டும்.