மானுக்குப் பஞ்சாங்கம் பாக்காதீங்க சாமிகளா!

டிஸ்கி: இது வேட்டை பத்தின பதிவு. 'ஐயோ பாவம் மான்' கட்சிக்காரங்க இங்கேயே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா கடைசி வரைக்கும் படிச்சா, நான் உங்க கட்சியா அவங்க கட்சியான்னு உங்களுக்கே குழப்பம் வரும், பரவாயில்லையா? :-)

நான் ஆணி புடுங்குறது விஸ்கான்சின்ல. நம்மூர்ல 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் மேல கை வெச்சா கம்பி எண்ணணும். இங்க லைசென்ஸ் வாங்கிட்டு முறையா சுடலாம். நன்றி நவிலல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சு 9 நாள் துப்பாக்கி சீசன். அஞ்சு லட்சத்துக்கும் மேல ஆளுங்க ஆரஞ்சுக் கலர் சட்டை மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள இறங்குறாங்க. வில் வேட்டை செப்டம்பர் நடுவுலயே ஆரம்பிச்சிடும். நான் வில்லும் எடுத்ததில்ல, துப்பாக்கியும் எடுத்ததில்ல. ஆனா ஆபீஸ்ல மதிய சாப்பாட்டு மேசையில நவம்பர் பூரா இதே பேச்சுதான்.

போன்ல ஒரு ஆப். காத்தழுத்தம், வெப்பநிலை, நிலா, காத்து வேகம் எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அரைச்சு, 'இன்னைக்கு மான் நடமாட்டம் 100க்கு 87'னு ஒரு நம்பர் துப்பும். அதைப் பாத்துட்டு லீவு போடுறாங்க சார், லீவு! ராகு காலம் பாத்து பைக் எடுக்குற நம்ம மாமாவைக் கிண்டல் பண்ற அதே பசங்கதான் பக்கத்துல உக்காந்து 'ஓ, நைஸ்'னு தலையாட்டுறாங்க.

இதுக்கு ஒரு பரம்பரையே இருக்கு. 1926ல ஜான் ஆல்டன் நைட்னு ஒருத்தர், மீன் எப்ப கடிக்கும்னு கண்டுபிடிக்கக் கிளம்பினார். 33 காரணங்களைப் பட்டியல் போட்டு, சூரியன், சந்திரன், ஓதம் இந்த மூணை மட்டும் வெச்சுக்கிட்டு 'சோலூனார்' அட்டவணை போட்டார். மீனுக்குப் போட்ட பஞ்சாங்கம் அப்புறம் மானுக்கும் வந்துடுச்சு. இப்ப அதுக்கு மாச சந்தா வேற.

சரி, மான் கிட்டயே கேட்டா என்ன? கேட்டிருக்காங்க. பென்சில்வேனியாவுல மாநிலப் பல்கலைக்கழகமும் அந்த மாநில வனவிலங்கு ஆணையமும் சேர்ந்து 2013லேர்ந்து மானுங்க கழுத்துல ஜிபிஎஸ் பட்டை கட்டி கவனிச்சாங்க. நிலாவுக்கும் நடைக்கும் சொல்லிக்கிற மாதிரி சம்பந்தம் இல்ல. மழை பெரிய வித்தியாசம் பண்ணல. 'காத்து அடிச்சா மான் படுத்துடும்'னு தாத்தா காலத்து நம்பிக்கை ஒண்ணு இருக்கே, அதுவும் புட்டுக்கிச்சு. காத்தடிச்ச பகல்ல மான் கொஞ்சம் கூடவே நடந்திருக்கு. எந்த வானிலையா இருந்தாலும் விடியல், அந்தி ரெண்டு வேளையும் மான் நடக்கும். நவம்பர்ல ஆண் மான் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடுறதுக்குக் காரணம் பகல் நேரம் சுருங்குறது. அந்தக் காலண்டர் வருஷா வருஷம் மாறாது. குளிர்கால ரோமம் வளந்தப்புறம் திடீர்னு வெயில் அடிச்சா பகல்ல நிழல் தேடும், அது நிஜம். ஆனா அதைச் சொல்ல 87ங்கிற நம்பர் எதுக்கு?

'இல்லப்பா, குளிர் திடீர்னு இறங்கின அன்னிக்கு நான் கண்ணால பாத்தேன்'னு சொல்றாங்க. பாத்திருப்பீங்க, யார் இல்லேன்னா? ஆப் 'போ'ன்னு சொன்ன நாள்ல மட்டும்தானே பரண் மேல ஏறுறீங்க? 'போகாதே'ன்னு சொன்ன நாள்ல அதே பரணுக்குக் கீழ எத்தனை மான் போச்சுன்னு எண்ண யார் இருந்தாங்க? முதல் வருஷ இன்டர்ன் பையன் இப்படி டேட்டா எடுத்துட்டு வந்தா கோட் ரிவ்யூவுல கிழிச்சுத் தொங்க விட்டுருவோம்.

இன்னொண்ணு. தரையில பனி விழுந்து கெடந்தா மான் அதிகம் தெரியும், ஏன்னா வெள்ளை மேல பழுப்பு. கால் தடமும் பதியும். பனி இல்லேன்னா காஞ்ச புல்லோட புல்லா கலந்துடும். நடமாட்டம் அதேதான், கண்ணுக்குத் தெரியறதுதான் மாறுது. அதுவும் போக, கடுங்குளிர்ல ஆளுங்களுக்குக் கால் மரத்துப்போய் பரண்ல உக்கார முடியாம இறங்கி நடப்பாங்க. அந்தச் சத்தத்துல மான் கெளம்பும். ஆக, குளிர் நகர்த்தினது வேட்டைக்காரரை, அவர் நகர்த்தினது மானை. பேர் தட்டிக்கிட்டுப் போறது ஆப்!

இவ்வளவுதான்னா சிரிச்சுட்டு விட்டுருப்பேன். காசு அவங்களோடது, லீவும் அவங்களோடது. எனக்குக் கடுப்பு ஏறுற இடம் வேற.

வானிலை நிஜமாவே முடிவு பண்ண வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: 'நான் சுடலாமா, கூடாதா?' இதை எந்த ஆப்பும் கேக்கறதில்ல.

வில் வேட்டையை எடுத்துக்கோங்க. அம்பு நுரையீரல்ல பட்டா மான் கொஞ்ச தூரம் ஓடி விழுந்துடும். கொஞ்சம் பின்னாடி தள்ளி குடல்ல பட்டுச்சுன்னா? உடனே தொரத்தக் கூடாது. தொரத்தினா அடிபட்ட மான் எழுந்து மைல் கணக்குல போயிடும். எட்டு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல காத்திருந்து ரத்தத் தடம் பிடிச்சுப் போகணும். இப்ப ரெண்டு மணி நேரத்துல மழைன்னு வைங்க. காத்திருந்தா தடம் கழுவிட்டுப் போயிடும். போனா மான் எழுந்து ஓடிடும். ரெண்டுமே தப்பு. சரியான முடிவு அம்பை விடறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்: இன்னைக்கு நிச்சயமில்லாத குறி வேண்டாம். மான் புதர்ல கெடந்து ராத்திரி பூரா துடிச்சு சாகுறதுக்கும் சாகாம இருக்கிறதுக்கும் நடுவுல நிக்கிறது இந்த ஒரு முடிவுதான். ஆனா ஆப் அன்னைக்கு என்ன சொல்லும்? 'மழைக்கு முன்னாடி காத்தழுத்தம் இறங்குது, நடமாட்டம் 92, கிளம்பு!'

வெயில் நாளும் அப்படித்தான். செப்டம்பர் சாயங்காலம் அடிபட்ட மானை ராத்திரி பூரா விட்டு வெச்சா கறி கெட்டுப்போகும். சுமார் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல போனா பாக்டீரியாவுக்கு விருந்து. பக்கவாட்டுக் காத்து பலமா இருந்தா அம்பு விலகும். ஒரு உயிரை எடுத்துட்டுக் குப்பையில போடுறதை வேட்டைன்னு சொன்னா, அந்த 'ஐயோ பாவம்' கட்சிக்காரங்க கூட நானும் கோஷம் போட வர்றேன்.

காத்துத் திசை பாக்குறது கூட நல்ல பழக்கம்தான். மானுக்கு மூக்குதான் எல்லாமே. சாயங்காலம் மலைச்சரிவுல குளிர்ந்த காத்து கீழ இறங்கும், காலையில வெயில் ஏற ஏற மேல போகும். பழைய ஆளுங்க இதைப் பாத்துத்தான் பரண் கட்டுவாங்க. மான் நம்ம வாசனையைப் பிடிக்காம அமைதியா கிட்ட வந்தா குறி சுத்தமா விழும். ஆக காத்தைப் படிக்கிறதும் 'சுடலாமா' கேள்வியோடதான் வந்து சேருது.

பெரிய கணக்கு ஒண்ணும் இருக்கு. விஸ்கான்சின்ல டிசம்பர் 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும், குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸோ அதுக்குக் கீழயோ போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, பனி 18 அங்குலமோ அதுக்கு மேலயோ நின்ன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி போடுவாங்க. 50க்குக் கீழன்னா லேசான குளிர்காலம். 80 தாண்டினா கடுமை. அந்த மாதிரி வருஷத்துல வடக்குக் காட்டு மானுங்க ஊசியிலை மரக் கூட்டத்துல ஒண்டிக்கிட்டு, நடையைக் குறைச்சு, உடம்புக் கொழுப்பைக் கரைச்சு உயிர் பிழைக்கும். நிறைய செத்துப்போகும், குட்டிங்க நோஞ்சானா பொறக்கும். அடுத்த சீசன்ல எத்தனை பெண் மானுக்கு அனுமதின்னு முடிவு பண்றப்போ இந்தப் புள்ளியையும் பாக்குறாங்க. மானோட வாழ்க்கையில வானிலை பெரிய கையெழுத்து போடுற இடம் இதுதான். நேத்திக்குக் காத்தழுத்தம் நாலு புள்ளி ஏறினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

'இன்னைக்கு மான் வருமா'ன்னு ஆப்பைக் கேக்காதீங்க. மான் வரும். அது தினமும் சாப்பிடணும். வானத்தைப் பாத்து 'இன்னைக்கு அடிபட்டா என்னால தேடிக் கண்டுபிடிக்க முடியுமா'ன்னு உங்களையே கேளுங்க. முடியாதுன்னு தோணுச்சா, வீட்டுல காபி குடிங்க. அதுக்கு சந்தா கட்ட வேண்டாம்.

பி.கு.: ஆப் தயாரிக்கிற புண்ணியவான்கள் யாராவது இதைப் படிச்சா, அந்த 87 பக்கத்துல இன்னொரு வரி போடுங்க: 'ரெண்டு மணி நேரத்துல மழை, சந்தேகக் குறி வேண்டாம்.' நாலு லைன் கோட்தான். வேணும்னா நானே ஓசியில எழுதித் தர்றேன். கருத்து மாறுபடுறவங்க கும்மி அடிக்கலாம், வாங்க!