கர்ப்பிணிகளும் கைபேசியும்

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. ரயில் நின்றது, பஸ் நின்றது, பல ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிப் பகுதிகள் சாத்தப்பட்டன. ஆனால் பிரசவ காலம் எந்த உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. நிறை கர்ப்பிணியைப் பார்த்து, “தொற்று தணிந்தபின் வா” என்று எந்த சர்க்காரும் சொல்ல முடியாது. அந்நாட்களில் கர்ப்பிணிகளுக்கும் புதிதாய்ப் பிள்ளை பெற்றோருக்கும் கைபேசியே துணையென்று சொல்லப்பட்டது. அது எம்மட்டும் மெய்த்துணை என்பதை, பரபரப்பு அடங்கிய இக்காலத்தில் நிதானமாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் நன்மையைச் சொல்லுவோம். 2018-ல், பிரசவத்திற்குப்பின் ஒரு பெண் மரணமடைந்த வழக்கில், தொலைபேசி மூலம் சிகிச்சைக்கு உத்தரவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வைத்தியர்களுக்கு பம்பாய் ஹைகோர்ட்டு முன்ஜாமீன் மறுத்தது. அதுமுதல் தொலைவிலிருந்து மருந்து சொல்ல வைத்தியர்கள் அஞ்சினர். ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச்சு 25-ந் தேதி தொலைமருத்துவ விதிகள் வெளியாயின. அச்சம் பெரிதும் நீங்கிற்று. ஏப்ரல் 13-ந் தேதி முதல் ‘இ-சஞ்சீவனி’ மூலம் நோயாளி வீட்டிலிருந்தே வைத்தியரைக் கலந்துகொள்ள வழி ஏற்பட்டது. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

கொள்ளைநோய்க்கு முன்பே, 2016-ல், மத்திய சுகாதார இலாகா ‘கில்காரி’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும் வரை, வாரம் ஒன்றாக 72 செய்திகள் கைபேசியில் குரலாக வரும். எழுத்தறியாத தாயும் கேட்டறியலாம். யுக்தி மிக நல்லதே.

ஆனால் அந்தக் கைபேசி யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் தாமே உபயோகிக்கும் கைபேசி உடையவர்கள் நூற்றுக்கு 54 பேரே. மற்றவர்களுடைய வீட்டில் கைபேசி இருந்தாலும் அது புருஷன் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் வயலிலோ பட்டறையிலோ இருக்கும்போது தாய்க்குரிய செய்தி வருகிறது. இரண்டு வார்த்தை கேட்டு வைத்துவிடுகிறான். கணக்கில் செய்தி சேர்ந்தது, காதில் சேரவில்லை. இதைச் சேவை என்று எழுதிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

மற்றொன்றும் உண்டு. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் ஆகியவை கர்ப்பிணிக்கு அபாய அறிகுறிகள் என்று கைபேசி எச்சரிக்கலாம். அது தானாக இரத்த அழுத்தத்தை அளக்காது, வயிற்றைத் தொட்டுப் பாராது. அவசர நிலையில் நோயாளியை நேரில் காட்டும்படி சொல்லவேண்டுமென்று தொலைமருத்துவ விதிகளே கூறுகின்றன. வண்டியும், கதவு திறந்த ஆஸ்பத்திரியும் இல்லாத இடத்தில் “உடனே செல்லுக” என்ற புத்திமதியால் யாது பயன்?

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கிராமத்து நர்ஸுகளும் ஆஷா ஊழியர்களுமே. முகக்கவசம் கட்டி வீடுவீடாக நடந்தவர்கள் அவர்கள். 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆஷாக்களுக்கு விருதளித்து கௌரவித்தது. ஆயினும் நம் சர்க்கார் ஏட்டில் அவர்கள் ‘தொண்டர்’களே, மாதச் சம்பளமல்ல, ஊக்கத்தொகையே அவர்களுக்கு. கைபேசி வந்துவிட்டது, ஆள் எதற்கு என்ற எண்ணம் எந்த அதிகாரியின் மனத்திலாவது தலைகாட்டுமாயின், அதை முளையிலேயே கிள்ளியெறிய வேண்டும்.

நமது அபிப்பிராயம் இதுவே: பதிவாகும் எண் தாயின் கைக்கு எட்டும் எண்ணாக இருக்கவேண்டும், செய்தி அவள் வீட்டில் பேசும் பாஷையில் வரவேண்டும், அவள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கவேண்டும், அவருக்கு நியாயமான சம்பளம் வேண்டும். இந்நான்கும் இல்லாத யந்திரம் விளம்பரத்துக்கு உதவும், பிரசவத்துக்கு உதவாது.

சர்க்காரை மட்டும் குறைகூறி நம் தேசத்தொண்டர்கள் இருந்துவிடலாகாது. தத்தம் ஊரில் கர்ப்பிணிகளின் பெயருக்கெதிரே யாருடைய எண் பதிவாகியிருக்கிறதென்று இன்றே விசாரிக்கட்டும். அதற்கு முன், தம் வீட்டில் கைபேசி யார் கையில் இருக்கிறதென்றும் பார்க்கட்டும். அடுத்த கொள்ளைநோய் நமக்கு முன்னறிவிப்பு அனுப்பிவிட்டு வராது.