பூண்டா, விழுதா? நாமே எடுத்துச் சொல்வோம்

நம் மளிகைக் கடைகளில் பூண்டு இப்போது நான்கு உருவில் விற்பனையாகிறது: முழுப்பூண்டு, உரித்த பூண்டு, இஞ்சி பூண்டு விழுது, பூண்டுத் தூள். கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசைக் கல்லாவில் போட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் இருக்கிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து.

அறை எடுத்துத் தங்கிப் புதிதாகச் சமைக்கத் தொடங்கிய ஓர் இளைஞர் சென்ற மாதம் என் கடைக்கு வந்தார். "விழுதைப் போட்டு ரசம் வைத்தேன், வாயில் வைக்க முடியவில்லை அண்ணாச்சி" என்றார். சரக்கில் குறையில்லை. என்ன சமைக்கப் போகிறார் என்று கேட்காமல் கொடுத்தது என் தவறு.

பூண்டுப் பல்லைத் தட்டும்போதுதான் அதனுள் தனித்தனியே இருக்கும் பொருள்கள் கலந்து, அல்லிசின் உண்டாகி மணம் எழும்புகிறது. விழுதில் இது அரைத்த அன்றே நடந்துவிடுவதால் நாளாக நாளாக மணம் மங்கும். கெடாதிருக்க உப்பும் புளிப்பும் வேறு சேர்த்திருப்பார்கள். ஆகவே ரசத்துக்கும் பூண்டுக் குழம்புக்கும் முழுப்பூண்டுதான். குருமா, பிரியாணிக்கு விழுது போதும். உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். தூள், வறுவலுக்கு மசாலா தடவ நல்லது. ஒரு பல்லுக்குப் பதில் அரைக்கால் தேக்கரண்டி. காய்ந்த எண்ணெயில் நேராகப் போட்டால் கருகிக் கசக்கும்.

முழுப்பூண்டு காய்ந்து எடை குறைகிறது, விழுதில் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் விழுதைத் தள்ளிவிடப் பார்க்கிறோம். (2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் பெயரைச் சொல்லி வடநாட்டுச் சரக்கை விற்பவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. உரித்த பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு, பெயரும் தேதியும் இல்லாத பாட்டிலில் அடைத்து வெளித்தட்டில் வைத்து விற்பதைச் சொல்கிறேன். காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இப்படிப்பட்ட பூண்டால் பலர் நோயுற்றனர். ஊறுகாய் வேறு, அதற்கு உப்பும் புளிப்பும் காவல்.

புதிதாகச் சமைப்பவர் அரைக் கிலோ பூண்டு வாங்கமாட்டார். 100 கிராம் பொட்டலங்களாகக் கட்டிக் கல்லா அருகில் வையுங்கள். அந்த இளைஞர் இப்போது வாரம் ஒரு பொட்டலம் வாங்குகிறார், பிரியாணிக்கு விழுதும் வாங்குகிறார்.