திண்ணைக்கு ரூம் நம்பர் கிடையாது

ஹோட்டலில் தங்குவது என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். இண்டஸ்ட்ரியல் விசிட்! ஒரு ரூமுக்கு எட்டு பேர். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு, குறுக்கே படுக்கை. காலையில் ஒற்றை பாத்ரூமுக்கு க்யூ. "டேய், சீக்கிரம் வாடா" என்று கதவு உடைகிற சத்தம். அப்பேர்ப்பட்ட எனக்கு, பாண்டிச்சேரியில் நூறு வயசு தாண்டிய ஒரு வீட்டைப் புதுப்பித்து நடத்துகிற ஹெரிட்டேஜ் ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்கும் யோகம் அடித்தது. வாடகையைக் கேட்காதீங்க. என் ஹாஸ்டல் மெஸ் பில் இரண்டு மாசத்துக்கு வரும். (காசு என்னுடையது இல்லை என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.)

காசு பெரியம்மா பையனுடையது. பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன். பாசத்தில் கூட்டிப் போனார் என்று நினைக்க வேண்டாம். விஷயம் வேறு.

அதே ஊரில், அந்த ஹோட்டலிலிருந்து நாலு வீதி தள்ளி, எங்கள் ஆயா பிறந்த வீடு இருக்கிறது. ஆயாவின் அப்பா வாங்கியது. பத்திரம் பிரெஞ்சு பாஷையில் இருக்கும். இப்போது ஆறு பங்கு. பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. இடித்துவிட்டு ஃப்ளாட் கட்ட ஒருத்தர் விலை பேசியிருக்கிறார். ஐந்து பங்குக்காரர்கள் ரெடி. ஆயா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "போட மாட்டேன்னா சொன்னேன்? போடறேன்னுதானே சொல்றேன்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இந்த இழுபறியில்தான் அண்ணனுக்கு பல்பு எரிந்தது. ஏன் இடிக்கணும்? நாமே ஒரு ஹெரிட்டேஜ் ஹோட்டல் ஆக்கினால் என்ன? முதலில் ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்போம், ஆயாவையும் கூட்டிக்கொண்டு போவோம். சரி, நான் எதுக்கு? ஆயாவின் பையைத் தூக்க!

விழுப்புரத்தில் பஸ் ஏறி இறங்கியாச்சு. பாண்டிச்சேரி என்றதும் உங்களுக்கு எந்தப் படம் ஞாபகம் வரும்? மஞ்சள் சுவர், போகன்வில்லா, சுவரில் ஒரு காலை மடக்கி வைத்து நிற்கிற ஃப்ரெண்டின் போட்டோ. அது கடற்கரைப் பக்கம். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர்கள் இருந்த பகுதி. நாம் நேராகக் கிழக்கே போய் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நாங்கள் தங்கியது மேற்கில், பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில், நடு ஊரில்.

இன்னொன்று தெரியுமா? இந்த ஊரின் கோடு போட்ட மாதிரியான வீதிகளுக்கு பிரெஞ்சுக்காரர்களை மட்டும் பாராட்ட முடியாது. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. வீதிகளை அளந்து திட்டம் போட்டதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. பிறகு 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். சில வருஷம் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதே வீதிகளின் மேல் மறுபடி கட்டினார்கள். ஆக, "பழைய ஊர்" என்று நாம் சொல்வதே ஒருமுறை இடிந்து எழுந்த ஊர்தான்.

மேற்குப் பக்க வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கீழ் மாடி அசல் தமிழ் வீடு. தாழ்வாரம், திண்ணை, மரத்தூண், முற்றம் எல்லாம் இருக்கும். மேல் மாடியைப் பார்த்தால் வளைவு ஜன்னல், சுவரிலேயே தூண் மாதிரி பூச்சு வேலை, பிரெஞ்சு ஸ்டைல். வேட்டிக்கு மேல் கோட் போட்ட மாதிரி. இதற்குப் பெயர்போன உதாரணம், துப்ளே காலத்தில் துபாஷாக இருந்து தினப்படி நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738-ல் கட்டியது. அவர் பெயரில் உள்ள வீதியில் இன்றும் நிற்கிறது.

ஹோட்டலுக்குள் நுழைந்ததும் வெல்கம் டிரிங்க் வந்தது. ஆயா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்தில் போய்க் கன்னத்தை வைத்தார். ரிசப்ஷனில் இருந்த பெண் பதறிப்போய், "மேடம், ஆர் யூ ஓகே?" என்றார்.

"முட்டை போட்டுத் தேச்சிருக்காங்க" என்றார் ஆயா.

உண்மைதான்! சுற்றிக் காட்டிய மேனேஜர் (ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், நம்ம வயசு பார்ட்டிதான்) விளக்கினார். சுண்ணாம்பைப் பதமாகப் புளிக்க வைத்து, மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் எல்லாம் விட்டுப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெயின்ட் தேவையில்லை.

"இதை வாங்கினப்போ சுவர் பூரா சிமென்ட் பூசி வச்சிருந்தாங்க சார். அதை உரிச்சா உள்ள செங்கல் மாவா உதிருது" என்றார் அவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி உப்பு பூக்கும், செங்கல் அரிக்கும். நல்லது செய்கிறேன் என்று ஆள் மூச்சை அடைக்கிற கதை. இதைக் கேட்டதும் அண்ணன் முகம் மாறியது. எங்கள் வீட்டின் முன்பக்கச் சுவரில் மாமா தாத்தா 1990-களில் பூசிய பூச்சு என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கூரையும் அப்படித்தான். 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல், சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, கோணலாக வரிசை வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் பிடிக்க வைப்பது. கம்பி கிடையாது. மேலே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் நிற்கும். ஒரு ஆலஞ்செடி வேர் விட்டால் போச்சு. சந்தேகம் இருந்தால் கடற்கரையில் மேரி கட்டடத்தைக் கேளுங்கள். 1870-71-ல் கட்டிய நகர மண்டபம். பழுதுபார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. இப்போது நாம் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பது, அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்த கட்டடம்.

ராத்திரி சாப்பாடு முற்றத்தில். ஆயா அதை 'முத்தம்' என்பார். ("முத்தத்துல உக்காந்து சாப்பிடுவோம்" என்று சொல்லும்போது சிரிக்கக் கூடாது. நான் சிரித்து, தலையில் குட்டு வாங்கினேன்.) ஏ.சி. இல்லாத அந்த இடத்தில் மே மாசத்துப் புழுக்கம் தெரியவில்லை. சூடான காற்று நடுவில் திறந்திருக்கிற வழியாக மேலே போய்விடுகிறது, அந்த இடத்துக்கு வீதிப் பக்கக் காற்று உள்ளே வருகிறது. ஃபிசிக்ஸ் சார் இங்கே பாடம் எடுத்திருந்தால் அரியர் வைத்திருக்க மாட்டேன்.

ஆயா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்லவும் ஆரம்பித்தார். ஊஞ்சலைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறார்களாம், அங்கே மாட்டினால் போகிற வருகிறவன் முழங்காலில் இடிக்குமாம். எங்கள் ரூம் முன்னால் நெல் கொட்டி வைத்த அறையாக இருந்திருக்குமாம். "இதுல படுக்க இவ்ளோ காசா?" என்று அவர் கேட்டபோது, அண்ணன் வேகமாக ஸ்வீட் ஆர்டர் பண்ணினார். ஆனால் ஒன்று. ராத்திரி பதினோரு மணிக்கு நான் கண் விழித்தபோது ஆயா கட்டிலில் இல்லை. முற்றத்து ஓரத்தில், தூணில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏழு வயசுப் பிள்ளை மாதிரி. நான் கூப்பிடவில்லை.

அண்ணனும் தூங்கவில்லை. லேப்டாப்பில் கணக்கு. எங்கள் வீட்டில் அதிகபட்சம் ஆறு ரூம் தேறும். ஒவ்வொன்றுக்கும் பாத்ரூம் வேண்டும், சுண்ணாம்புச் சுவரை உடைக்காமல் பைப் கொண்டு போக வேண்டும். சிமென்ட் வேலைக்கு வீதிக்கு நாலு பேர் கிடைப்பார்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "முடியுமாண்ணா?" என்றேன். "முடியும். ஆனா அஞ்சு பேருக்கு இப்பவே காசு வேணுமே" என்றார். அதில் ஒரு மாமாவுக்குப் பெண் கல்யாணம் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பழைய வீட்டை இடிப்பவர்கள் எல்லாம் ரசனை கெட்டவர்கள் என்று முன்னெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் பில் பார்த்தவனுக்குத்தான் தெரியும் கதை.

காலையில் எழுந்து ஆயாவைக் காணோம் என்று தேடினால், வாசலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அழகான திண்ணை. வழவழப்பான சிவப்பு மேடை, மரத்தூண், பக்கத்தில் இரண்டு பித்தளை அண்டாவில் செடி. வீதியிலிருந்து யாரும் ஏறாதபடி குறுக்கே ஒரு தடிமனான அலங்காரக் கயிறு.

இந்த வீடுகளில் கதவுக்கு வெளியே இருக்கிற தாழ்வாரமும் திண்ணையும் பாதி வீட்டுக்காரனுக்கு, பாதி வீதிக்கு. வழிப்போக்கன் ஒதுங்கலாம், மழைக்கு நிற்கலாம், படுத்துத் தூங்கக்கூடச் செய்யலாம். யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு இதுவே தொடர்ந்து வந்ததால்தான் அந்த வீதிகள் பேசிக்கொண்டே இருந்தன. வைசியாள் வீதி என்று இருக்கிறதே, ஐரோப்பிய யூனியன் உதவியோடு 2002-லிருந்து 2004 வரை நடந்த திட்டத்தில் அங்கே வரிசையாக வீடுகளின் முகப்பைச் சீர்செய்தார்கள். ஒற்றை வீடாக இல்லாமல் முழு வீதியாகப் பார்க்கும்போதுதான் அந்தத் திண்ணைகளுக்கு அர்த்தம் புரியும். 1954 நவம்பர் 1-ம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்த அன்று, தன் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்ததாக ஆயா சொல்வார். அம்மா எல்லாருக்கும் மோர் கொடுத்துக் கை ஓய்ந்துபோனாராம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பூக்காரம்மா வந்தார். கூடையை இறக்கி, வழக்கம்போலத் திண்ணை ஓரத்தில் சாய்ந்தார். செக்யூரிட்டி அண்ணன் வந்துவிட்டார். கோபமாகக்கூட இல்லை, பாவம், அவர் வேலை அது. "யம்மா, இது கெஸ்ட்டுங்களுக்கு மட்டும்மா. நகருங்க."

ஆயா கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். நிதானமாக. "இவ என் சொந்தக்காரி. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கா. நீ ஏறி உக்காருடி."

பூக்காரம்மா ஒரு நொடி முழித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். செக்யூரிட்டி என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். "ரெண்டு காபி சொல்லுடா" என்றார் ஆயா. அரை மணி நேரம் பேச்சு. பூ விலை, முழங்கால் வலி, மார்க்கெட்டில் முன்னே யார் யார் கடை வைத்திருந்தார்கள்... செக்யூரிட்டியும் ஒரு காபி குடித்தார். கிளம்பும்போது பில்லில் மூன்று காபி எக்ஸ்ட்ரா. அண்ணன் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பங்குக்காரர்களும் கூடினார்கள். அண்ணன் ப்ரொஜெக்டர் எல்லாம் வைத்து ஹோட்டல் பிளானைக் காட்டினார். மாமா ஃப்ளாட் கணக்கைக் காட்டினார். கடைசியில் எல்லாரும் ஆயாவைப் பார்த்தார்கள்.

"ரெண்டுல எதுக்குன்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா திண்ணையை வீதிக்கு விட்டுடணும், கயிறு கட்டக் கூடாதுன்னு பத்திரத்துல எழுதணும்."

ஃப்ளாட் பார்ட்டிக்கு போன் போட்டுக் கேட்டார் மாமா. அங்கே திண்ணை இருந்த இடத்தில் கார் பார்க்கிங் வருகிறதாம். அண்ணனும் உடனே தலையாட்டவில்லை, கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்களே என்று தலையைச் சொறிந்தார். ராத்திரி எனக்கு போன் வந்தது. "டேய், அந்த மேனேஜர்கிட்ட ஒரு நம்பர் வாங்கினேன். சுண்ணாம்பு வேலை பார்க்கிற மேஸ்திரி. புதன்கிழமை கூரையைப் பார்க்க வர்றாரு. காலேஜ் இருந்தாலும் நீ லீவு போட்டுட்டு வந்துடு. ஏணி பிடிக்க ஆள் வேணும்."