ஆலை போன இடத்தில் யாருக்கு வேலை?

தோ பாயோ என்றதும் நம்மில் பலருக்கு லோரோங் 6ல் உள்ள டிராகன் விளையாட்டிடம்தான் நினைவுக்கு வரும். தொழிற்சாலைகள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், 1960களில் வீவக இந்த நகரைத் திட்டமிட்டபோது வீடு, பள்ளி, சந்தையோடு ஆலைகளுக்கும் இடம் ஒதுக்கியது. புகையோ இரைச்சலோ இல்லாத ஆலைகள் அடுக்குமாடி வீடுகளுக்கு அருகில் இருந்தால் குடும்பப் பெண்களும் வேலைக்குப் போகலாம் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

பெண்களும் போனார்கள். லோரோங் 3ல் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட், லோரோங் 1ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் என்று பெரிய நிறுவனங்கள் வந்தன. 1970ல் சிங்கப்பூர்ப் பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினரே ஊழியரணியில் இருந்தனர். 1980ல் அது 44 விழுக்காடானது. மின்னணு ஆலைகள் அதற்கு முக்கியக் காரணம்.

என் பாட்டியும் அவர்களில் ஒருவர். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், நுண்ணோக்கி வழியே பார்த்து முடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைக்கும் வேலை செய்தார். வேலை முடிந்தால் பத்து நிமிட நடையில் வீடு. “தூரமாக இருந்திருந்தால் தாத்தா விட்டிருக்கவே மாட்டார்” என்பார். சம்பளத்தைவிட அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார்.

ஃபேர்சைல்ட் நிறுவனத்தை 1987ல் நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது. லோரோங் 3, எண் 11 என்ற அதன் பழைய முகவரியில் இன்று இருப்பது ஜேக்சன் ஸ்குவேர் எனும் இலகுரகத் தொழில் வளாகம். பிலிப்ஸ் தோ பாயோவைவிட்டுப் போகவில்லை. 2016ல் லோரோங் 1ல் தன் ஆசிய பசிபிக் நிலையத்தைத் திறந்தது. ஆனால், அது நிர்வாகத்துக்கும் ஆய்வுக்குமான இடம். பட்டம் பெற்றபின் எனக்கு அங்கு வேலை கிடைக்கலாம். பாட்டிக்குக் கிடைத்திருக்காது.

ஆலைகள் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைகளை மலிவாகச் செய்ய இன்று வேறு நாடுகள் உள்ளன. எல்லா நிலத்தையும் தொழிலுக்கே வைத்திருக்கவும் முடியாது. 1998ல் மூடப்பட்ட காலாங் எரிவாயு ஆலை இருந்த கம்போங் பூகிஸ் பகுதியில் மண்ணைத் தூய்மைப்படுத்தி வீடுகள் கட்டத் திட்டமிட்டிருப்பது சரியான முடிவே. ஆற்றோர நிலத்தை வீணாக்கக்கூடாது.

தோ பாயோ அப்படியல்ல. இங்கு வீடுகள் நிறைய உள்ளன, மூத்தோரும் நிறைய. முதுமை மறதியால் அவதிப்படும் பெற்றோரைக் கவனித்துக்கொண்டே நாளுக்கு நான்கு மணிநேரம் மட்டும் வேலை தேடும் ஐம்பது வயதுப் பெண்ணை துவாசுக்குப் போகச் சொல்ல முடியுமா? பேருந்திலும் ரயிலிலுமே பாதி நாள் போய்விடும்.

இலகுரகத் தொழில் கட்டடங்களில் குறைந்தது 60 விழுக்காட்டுப் பரப்பைத் தொழில் சார்ந்த பணிகளுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. வாடகை ஏறும் காலத்தில் இதைத் தளர்த்தக் கோருவோர் இருப்பார்கள். தளர்த்தக்கூடாது என்பது என் கருத்து. பழுதுபார்க்கும் கடை, அச்சகம், சிறிய உணவுத் தயாரிப்புக்கூடம் ஆகியவை நகரத்துக்குள் பிழைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆனால், பரப்பளவை மட்டும் காத்தால் போதாது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. சில ஆண்டுகளுக்குப் பிறகு சால்காம்ப் நிறுவனம் அதை வாங்கி, மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. கட்டடம் காத்திருந்தது. அங்கு வேலை பார்த்த இளம்பெண்களால் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியுமா?

நம் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கும் வைக்கிறார்கள். பழைய தொழிற்பேட்டை ஒன்றைப் புதுப்பிக்கும்போது எத்தனை மாடி, எத்தனை மரம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அங்கு என்னென்ன வேலைகள் வரும், அவற்றில் எத்தனை பகுதிநேர வேலைகள், பட்டம் இல்லாதவர்களுக்கு எத்தனை என்ற விவரத்தையும் அதே பலகையில் போடலாமே. அடுத்த வரைவு வரும்போது நான் எழுதப்போகும் கருத்து இதுதான்.