வந்தானா... வந்தாரா?

முகப்பேர் என்ற பெயர் ‘மகப்பேறு’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள் ஊர்க்காரர்கள். இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளை வேண்டிக்கொண்டால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையை ஒட்டி வந்த பேச்சு அது. பெயருக்கேற்ற மாதிரி, காலை எட்டரை மணிக்கு முகப்பேர் கிழக்கு, மேற்கு என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் பிள்ளைகள்தான். முதுகைவிடப் பெரிய பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில், வாயில் இன்னும் விழுங்காத இட்லி. வேனிலும் ஆட்டோவிலும் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடியும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குக் கிளம்பிப் போகிறார்கள்.

அந்த வகுப்புகளில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் பாடம் ஒன்று உண்டு. ‘கம்யூனிட்டி ஹெல்பர்ஸ்’. தமிழில் ‘நமக்கு உதவுபவர்கள்’. சுவரில் ஒரு சார்ட் தொங்கும். டாக்டர், நர்ஸ், போலீஸ், தபால்காரர், தீயணைப்பு வீரர், தையல்காரர். மிஸ் குச்சியால் காட்ட, பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். வாரக் கடைசியில் மாறுவேடம். வாடகைக் கடையில் டாக்டர் கோட்டும் போலீஸ் தொப்பியும் முதல் நாளே தீர்ந்துபோகும். போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாடம் முடிந்துவிடும்.

உண்மையில் அந்தப் பாடம் முடிகிற இடம் அது இல்லை. தொடங்குகிற இடமும் வகுப்பறை இல்லை.

விளையாட்டுக்குள் இருக்கும் பாடம்

மழலையர் வகுப்பின் ஒரு நாளை வெளியிலிருந்து பார்த்தால் வெறும் விளையாட்டாகத்தான் தெரியும். வட்டமாக உட்கார்ந்து வணக்கம் சொல்வது, இன்று என்ன கிழமை என்று சொல்வது, வெயிலா மழையா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, ஒரு பாட்டு, ஒரு கதை, மணி கோப்பது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, களிமண் உருட்டுவது, கை கழுவிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுவது.

‘இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?’ என்று கேட்கிற பெற்றோர் உண்டு. ஆனால், மணி கோக்கிற விரல்கள்தான் நாளை பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. சிவப்பு மணியைத் தனியாகவும் நீல மணியைத் தனியாகவும் வைக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கணக்கு பிடிபடும். 2022 அக்டோபரில் வெளியான, 3 முதல் 8 வயதுக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் விளையாட்டு வழிக் கல்வியையே வலியுறுத்துகிறது.

இதெல்லாம் நேற்று வந்த யோசனையும் இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840-ல் அதற்கு ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். 1844-ல் தாய்மார்களுக்காக அவர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் தச்சர், கரி சுடுபவர், வண்டிச் சக்கரம் செய்பவர் என்று ஊரில் உழைக்கிறவர்களைப் பற்றிய விரல் விளையாட்டுகள் இருந்தன. ஆக, கிண்டர்கார்டனுக்கு என்ன வயதோ, ‘நமக்கு உதவுபவர்கள்’ பாடத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது, பட்டன் போடுவது, மேஜையைத் துடைப்பது, தரையைப் பெருக்குவது எல்லாமே பாடங்கள். பெருக்குகிற வேலை கேவலமானதல்ல, கற்றுக்கொள்ள வேண்டியது என்று கைக்குத் துடைப்பம் கொடுத்தே சொல்லித் தந்த முறை அது.

சார்ட்டில் இல்லாதவர்கள்

முகப்பேரில் இருக்கிற ஒரு நான்கு வயதுப் பிள்ளை, பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன் யார் யாருடைய உழைப்பைத் தாண்டி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

விடியும் முன்பே வாசலில் பால் பாக்கெட் போட்டவர். குப்பை எடுக்க பேட்டரி வண்டியில் வந்தவர். கரன்ட் போனால் கம்பத்தில் ஏறுகிற மின்வாரிய ஊழியர். தண்ணீர் லாரி ஓட்டி வந்தவர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன். தெருமுனையில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுத் தந்தவர். வேன் டிரைவர். வேனிலிருந்து இடுப்பைப் பிடித்து இறக்கிவிடும் ஆயாம்மா.

சார்ட்டில் இவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சார்ட்டில் இருக்கிற தீயணைப்பு வீரரை அந்தப் பிள்ளை நேரில் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. தினமும் பார்க்கிறவர்களோ சார்ட்டில் இல்லை.

அதனால்தான் நல்ல மிஸ் ஒருவர் சார்ட்டைக் காட்டுவதற்கு முன், ‘இன்னைக்குக் காலையில யாரை எல்லாம் பார்த்தீங்க?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள்தான் அன்றைய பாடம்.

ஒரே ஓர் எழுத்து

அந்தப் பதில்களைக் கவனித்துக் கேட்டால் இன்னொன்றும் புரியும். ‘டாக்டர் வந்தாரு’ என்று சொல்கிற அதே வாய், ‘குப்பைக்காரன் வந்தான்’ என்கிறது. ‘மிஸ் சொன்னாங்க’ என்று சொல்கிற பிள்ளை, வீட்டு வேலை செய்கிறவரைப் பற்றிப் பேசும்போது ‘அவ வரல’ என்கிறது.

பிள்ளை இதைப் பள்ளியில் கற்கவில்லை. மூன்று வயதுக்குள் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொண்டுவிட்டது. தமிழில் வினைச்சொல்லை முடிக்கும்போதே மரியாதை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தார்’ என்பதற்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்துக்குள் யாரை மதிக்க வேண்டும், யாரை மதிக்க வேண்டாம் என்ற பெரியவர்களின் கணக்கு முழுவதும் இருக்கிறது.

ஆங்கிலவழி வகுப்பில் இது வெளியே தெரிவதும் இல்லை. டாக்டருக்கும் ‘ஹீ’தான், குப்பை எடுப்பவருக்கும் ‘ஹீ’தான். பிள்ளை சார்ட்டைப் பார்த்து மொத்தப் பாடத்தையும் தப்பில்லாமல் ஒப்பித்து ஸ்டாரும் வாங்கிவிடும். வீட்டுக்கு வந்து தமிழில் வாய் திறக்கும்போதுதான் உண்மையான மதிப்பெண் தெரியும்.

தமிழ்நாட்டில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரை அரசு 2020-ல் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. அரசுக் காகிதத்தில் பெயர் மாறிவிட்டது. வீட்டு வாசலில் மாற வேண்டியது பாக்கி இருக்கிறது. அதற்கு அரசாணை போட முடியாது. அம்மாவும் அப்பாவும் தாத்தா பாட்டியும்தான் போட வேண்டும்.

மாறுவேட நாளில் ஒரு பிள்ளைக்கு ‘தூய்மைப் பணியாளர்’ என்று சீட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? பல வீடுகளில் முகம் சுருங்கும். ‘வேற ஏதாவது குடுங்க மிஸ்’ என்று போன் போகும். அந்த போன் பேச்சைப் பக்கத்தில் நின்று பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு பாடம்தான்.

பூச்சாண்டி ஆன போலீஸ்

மரியாதை குறைவது ஒரு பக்கம் என்றால், பயமுறுத்துவது இன்னொரு பக்கம். ‘சாப்பிடலைன்னா போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்’, ‘அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவாரு’, ‘சேட்டை பண்ணினா வாட்ச்மேன் தூக்கிட்டுப் போயிடுவாரு.’

ஒரு வாய் சாதம் உள்ளே போவதற்காகச் சொல்கிற பேச்சுதான். ஆனால் திருவிழாக் கூட்டத்தில், பெரிய கடையில், ரயில் நிலையத்தில் அந்தப் பிள்ளை கை தவறிப் போய்விட்டால் யாரிடம் ஓட வேண்டும்? சீருடை போட்ட போலீஸிடம்தானே? அவரைப் பார்த்ததும் பிள்ளை பயந்து ஒளிந்துகொண்டால், அந்தப் பயத்தை ஊட்டியது நாம்தான். ஊசி என்றே மிரட்டப்பட்ட பிள்ளை, வயிறு வலித்தாலும் வாயைத் திறந்து சொல்லாது.

உதவுபவர்கள் பாடத்தில் உயிர் காக்கிற பகுதி இதுதான். போலீஸ் என்றால் தொலைந்த பிள்ளையை அம்மாவிடம் சேர்ப்பவர் என்று முதலில் மனதில் பதிய வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்பதைப் பாட்டாகவே பழக்கிவிடலாம். அம்மா அல்லது அப்பாவின் செல்போன் எண்ணை மனப்பாடம் செய்ய வைப்பது அதைவிட முக்கியம்.

யார் வேண்டுமானாலும்

சார்ட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல சார்ட்டுகளில் டாக்டர் ஆண், நர்ஸ் பெண். டிரைவர் ஆண், டீச்சர் பெண். தீயணைப்பு வீரருக்கு மீசை நிச்சயம்.

ஆனால் நம் ஊர்க் கதை வேறு. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம்.வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆனார். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீப்பிடித்தபோது, அதை அணைக்கும் பணியில் காயம்பட்டவர்களில் ஒருவர் தீயணைப்புத் துறை அதிகாரி பிரியா ரவிச்சந்திரன். இந்த மூன்று கதைகளையும் வகுப்பில் சொன்னால், அடுத்த மாறுவேட நாளில் தீயணைப்பு வீரர் உடையைக் கேட்டு அடம்பிடிக்கிற பெண் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

காசு செலவில்லாமல், ஐந்து நாளைக்கு ஐந்து சின்ன வேலைகள்:

*பால் பாக்கெட் பயணம்:* மாடு, கிராமத்துப் பால் சங்கம், பால் பண்ணை, லாரி, நம் வாசல் என்று ஐந்து படங்களைப் பிள்ளையையே வரையச் சொல்லி வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். முகப்பேர்ப் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர்க் கதை. ஆவின் பால் பண்ணை ஒன்று அம்பத்தூரிலேயே இருக்கிறது. எது முதலில், எது அடுத்து என்று அடுக்கத் தெரிவது கதை சொல்லவும் கணக்குப் போடவும் உதவும்.

*இரண்டு கூடை:* மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காத குப்பைக்கு ஒன்று. வாழைப்பழத் தோல் எதில், சாக்லேட் தாள் எதில் என்று பிள்ளையே பிரித்துப் போடட்டும். உடைந்த கண்ணாடி, பிளேடு மட்டும் பெரியவர்கள் வேலை. அதைத் தனியாகச் சுற்றிக் கொடுப்பது எடுப்பவரின் கையைக் காப்பாற்றத்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

*நமக்கு ஒரு தபால்:* அஞ்சலட்டையில் பிள்ளை ஒரு படம் வரையட்டும். நம் வீட்டு முகவரியை எழுதி, 600037 என்ற பின்கோடைப் பிள்ளை கையாலேயே எழுத வைத்து, தபால் பெட்டியில் போடுங்கள். அது திரும்பி வாசலுக்கு வரும் நாளில் தபால்காரர் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

*பெயர் கேட்கும் நாள்:* வாட்ச்மேன், இஸ்திரிக் கடைக்காரர், குப்பை வண்டியில் வருபவர் மூவரின் பெயரையும் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அடுத்த நாளிலிருந்து பெயருடன் அண்ணா, அக்கா, தாத்தா சேர்த்துக் கூப்பிடட்டும்.

*‘ர்’ நாள்:* ஒரு நாள் முழுக்க வீட்டில் யாரைப் பற்றிப் பேசினாலும் ‘வந்தார்’, ‘வந்தாங்க’ மட்டுமே. யாராவது ‘வந்தான்’ என்றால் பிள்ளை கைதட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாளில் அதிகம் மாட்டிக்கொள்வது பெரியவர்களாகத்தான் இருக்கும்!

பக்கத்திலேயே இருப்பவர்

வகுப்பறையில் மிஸ்ஸுக்கு அடுத்து பிள்ளையின் கூடவே இருப்பவர் ஆயாம்மா. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்பவர், டப்பா மூடியைத் திறந்து தருபவர், உடை நனைந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுபவர். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே இந்த வேலையைச் செய்பவருக்கு அரசு வைத்திருக்கும் பதவிப் பெயரே ‘உதவியாளர்’தான். ‘ஹெல்பர்’ என்ற சொல்லுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் சார்ட்டில் இவர் படம் இருக்காது. ஒரு வருடம் முழுக்க இவர் கையில் வளர்ந்த பிள்ளைக்கும், பல சமயம் பிள்ளையின் பெற்றோருக்கும் இவர் பெயர் தெரியாது.

மதியம் பள்ளி வாசலில் பிள்ளையைக் கூட்டிக்கொள்ளும்போது, ‘இன்னைக்கு மிஸ் என்ன சொல்லிக் குடுத்தாங்க?’ என்று கேட்பதுதான் வழக்கம். நாளைக்கு அதோடு இன்னொன்றும் கேளுங்கள்.

‘ஆயாம்மா பேர் என்னடா செல்லம்?’

பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. ஆயாம்மா அங்கேதான் கேட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு பிள்ளைக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டு இருப்பார். இரண்டு பேருமாகப் போய்க் கேட்டுவிட்டு வரலாம்.