வயலா, ரோடா? விமானி எங்கே இறக்குவார்?

வண்டலூரில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு, தலைக்கு மேலே குட்டி விமானம் சுற்றுவது புதுசு இல்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி. காது பழகிப் போச்சு.

2025 நவம்பர் 14-ந் தேதி பிற்பகலில் அப்படி ஒரு விமானம் திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. பிலாட்டஸ் பி.சி.-7 ரகம். விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் தப்பினார். கீழே யாருக்கும் ஆபத்து இல்லை. நல்ல காலம்!

அதற்கு முதல் நாள்தான் புதுக்கோட்டை சங்கதி. சேலத்தில் கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம் நார்த்தாமலை பக்கம் திருச்சி ரோட்டிலேயே இறங்கியது. மூக்கில் அடி. உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

“வெட்டவெளி அவ்வளவு கிடக்க, ரோட்டில் ஏன் இறக்கணும்?” என்றார் டீக்கடையில் ஒருவர். நியாயமான கேள்வி.

ஈர வயலில் முன் சக்கரம் புதைந்தால் விமானம் குட்டிக்கரணம் போடும். வரப்பு தட்டினாலும் அதே கதி. பெட்ரோல் டாங்க்கோ இறக்கைக்குள்ளே! ரோடு கெட்டிதான், ஆனால் கரண்ட் கம்பி, லாரி, பஸ். எது தேவலை என்று யோசிக்க நேரம் ஏது? ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் செஸ்னா மிதந்து போவது சுமார் இரண்டரை கிலோமீட்டர். வண்டலூர் மேலே நின்றால், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் தாண்டுவதே பெரும் பாடு.

காய்ந்த ஏரி, மேய்ச்சல் தரை... இவைதான் அந்த நேரத்துக்குக் கைகொடுப்பவை. நம் பக்கம் அவை மனையாகி வருகின்றன. “பயிற்சியை வேறே ஊருக்கு மாத்து” என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தளம் பழசு. வீடுகள்தான் அதைத் தேடி வந்தன.

இன்னொன்று. நார்த்தாமலையில் விமானத்தைச் சுற்றி திருவிழாக் கூட்டம், கையில் செல்போன்! பெட்ரோல் ஒழுகியிருந்தால், ஒரு பீடி போதாதா? எட்டி நிற்கணும், நெருப்பு கூடாது என்று போலீசும் பஞ்சாயத்தும் முன்கூட்டியே சொல்லித் தரலாம். செலவு ஒன்றுமில்லை.

மிச்சம் இருக்கும் புறம்போக்குக்கு யாரும் பட்டா கொடுக்காமல் இருக்கணும். வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை மனைக்கல் நடாத வெட்டவெளி எத்தனை தேறும்? தாலுகா ஆபீசே எண்ணிச் சொல்லட்டும்.